வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வாங்கலாமா?

டல்லாஸ்ல இருக்குற கல்லூரி நண்பன் ஒருத்தன் வீட்டுப் பாதுகாப்புக்குன்னு துப்பாக்கி வாங்கியிருக்கான். அதோட விட்டானா? "முதல் துப்பாக்கி எப்படி இருக்கணும்னா..."ன்னு எனக்கு போன்ல ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்துட்டான். எல்லாத்தையும் கேட்டுட்டு, "மச்சி, இந்த ஊர்ல 'வீட்டுப் பாதுகாப்புக்கு'ன்னு காரணம் சொன்னா லைசென்ஸே கிடைக்காதுடா"ன்னு சொன்னேன். பயபுள்ள நம்பவே இல்ல.

நிஜம்தாங்க. நியூசிலாந்துல தற்காப்புங்கிறது துப்பாக்கி வச்சுக்க செல்லுபடியாகிற காரணம் கிடையாது. அதுக்காக இது துப்பாக்கியே இல்லாத சாது நாடுன்னு நினைச்சுடாதீங்க. லைசென்ஸ் வச்சிருக்கவங்க மட்டும் ரெண்டு லட்சத்துக்கும் மேல. மான் வேட்டை, காட்டுப்பன்னி, பண்ணையை மேய்ஞ்சு தீர்க்குற முயல், சுடுபயிற்சி கிளப்... இதெல்லாம் சொல்லலாம். ஆனா "திருடன் வந்தா சுடணும்"னு சொன்னீங்கன்னா கதை அங்கேயே முடிஞ்சது.

சரி, வேட்டைக்குன்னு சொல்லி வாங்கி வீட்ல வச்சுக்கலாமேன்னு நம்மாளுங்க மூளை வேலை செய்யும் :-) முதல்ல பாதுகாப்புத் தேர்வு பாஸ் பண்ணணும். அப்புறம் உங்களைத் தெரிஞ்சவங்களை விசாரிப்பாங்க, தங்கமணி இருந்தா அவங்களையும்தான். வீட்டுக்கு வந்து பெட்டகத்தையும் பார்ப்பாங்க. துப்பாக்கி பூட்டின பெட்டகத்துல, தோட்டா தனியா இன்னொரு பூட்டுல. ராத்திரி ரெண்டு மணிக்கு கதவை உடைக்கிறவன், நீங்க ரெண்டு சாவியும் தேடி எடுக்குற வரைக்கும் ஹால்ல உட்கார்ந்து காபியா குடிச்சிட்டு இருப்பான்? கைத்துப்பாக்கின்னா இன்னும் கஷ்டம். கிளப் உறுப்பினரா இருக்கணும், அங்கீகரிச்ச இடத்துல மட்டும்தான் சுடலாம். பெப்பர் ஸ்ப்ரே வச்சுக்கலாமேன்னு கேட்பீங்க. அதுவும் தடை செஞ்ச ஆயுதப் பட்டியல்ல இருக்கு.

நம்மூர் கதை வேற. இந்தியாவோட 1959 ஆயுதச் சட்டத்துல உயிருக்கு ஆபத்துன்னு காரணம் காட்டி மனு போடலாம். கிடைக்கிறது குதிரைக்கொம்புதான், தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல கொண்டு போய் ஒப்படைக்கவும் சொல்லுவாங்க. இருந்தாலும் பயம்ங்கிறது அங்கே சொல்லக்கூடிய காரணம். இங்கே அதைச் சொன்னாலே உங்க மேல சந்தேகம் வரும்.

2019 மார்ச் 15-ல கிரைஸ்ட்சர்ச் மசூதிகள்ல 51 பேரை ஒருத்தன் கொன்னான். அவன்கிட்ட இருந்தது லைசென்ஸ் வச்சு வாங்கின துப்பாக்கிகள். ஒரே மாசத்துல பெரும்பாலான செமி-ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளைத் தடை பண்ணாங்க, பார்லிமெண்ட்ல ஓட்டு 119-க்கு 1. அப்புறம் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினது 50,000-க்கும் மேல. இங்கே மவுண்ட் ரோஸ்கில் ஸ்டாடர்ட் ரோட்லயும் பெரிய மசூதி இருக்கு, அதனால அது யாருக்கோ நடந்த தூரத்து சேதியா இங்கே இல்ல.

இதெல்லாம் எனக்கு சம்மதம்தான். ஆனா ஒரு இடத்துல தொண்டையில சிக்குது.

2022 நவம்பர் 23. பக்கத்துப் பேட்டையான சாண்ட்ரிங்ஹாம்ல ஒரு சின்ன மளிகைக் கடை (இங்கே டெய்ரின்னு சொல்லுவாங்க). ஓனர் வெளிநாடு போயிருந்ததால கடையைப் பார்த்துக்கிட்டிருந்தவர் ஒரு இந்தியர். கத்தியோட வந்தவன் கல்லாவைத் தூக்கிட்டு ஓட, இவர் பின்னாடியே போனார். வெளியே குத்துப்பட்டு இறந்துட்டார். மனைவியோட அந்தப் பக்கம் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. துப்பாக்கி இருந்திருந்தா பிழைச்சிருப்பாரான்னு டல்லாஸ்காரன் கேட்டான். ஆளுக்கு ஆள் துப்பாக்கி கிடைக்கிற ஊர்ல வந்தவன் கையிலயும் கத்திக்குப் பதிலா அதுதானே இருந்திருக்கும்? ஆனா அவரோட மனைவிகிட்ட போய் இந்தத் தர்க்கத்தைப் பேச எனக்கு வாய் வராது.

அந்த சாவுக்கு அப்புறம் அரசாங்கம் சின்னக் கடைகளுக்கு புகை பீரங்கி வைக்க 4,000 டாலர் உதவி அறிவிச்சது. பேர்தான் பீரங்கி. பட்டனை அமுக்கினா சில நொடியில கடை முழுக்க வெள்ளைப் புகை, தன் கையே தனக்குத் தெரியாது. திருடனால எதையும் எடுக்க முடியாம வெளியே ஓடணும். கேட்க காமெடியா இருக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆயுதம் இதுதான்.

இன்னொண்ணு, திருப்பி அடிக்கவே கூடாதுன்னு சட்டம் சொல்லல. குற்றச் சட்டம் 48-வது பிரிவு, உங்களையோ இன்னொருத்தரையோ காப்பாத்த நியாயமான அளவு பலம் உபயோகிக்கலாம்னு சொல்லுது. அந்த நியாயமான அளவு எதுன்னு அளக்குறது பின்னாடி, கோர்ட்ல. 2008-ல ஓட்டாராவுல ஒரு மதுக்கடைக்காரர் கத்தியோட வந்தவங்களை ஹாக்கி மட்டையால விரட்டினார். போலீஸ் அவர் மேலயே வழக்கு போட்டுச்சு. கடைசியில தள்ளுபடியாச்சு, ஆனா அதுவரைக்கும் அந்த மனுஷன் கோர்ட்டுக்கு அலைஞ்சது அலைஞ்சதுதான்.

நம்ம பசங்க நிறைய பேர் ராத்திரி ஷிப்ட்டுக்கு டெய்ரியிலயும் பெட்ரோல் பங்க்லயும் நிக்கிறாங்க. புதுசா வேலைக்குச் சேர்றீங்கன்னா, சம்பளம் கேட்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. புகை பட்டன் எங்கே? பின்வாசல் சாவி யார்கிட்ட? இருட்டினதும் வாசலைப் பூட்டிட்டு ஆளைப் பார்த்துத் திறக்கலாமா? கல்லாவைக் கேட்டா கொடுத்துடுங்க, பின்னாடி ஓடாதீங்க. உள்ளே இருக்குறது ஓனரோட முன்னூறு டாலர்தான்.