இல்லத்துள் புகும் நச்சு வளி

அமெரிக்க நாட்டின் கிழக்குப் பகுதியில் பென்சில்வேனியா என்றொரு மாநிலம் உண்டு. ஆங்கு லிமெரிக் என்னும் இடத்தில் எழுப்பப்பட்டு வந்த அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ராஸ் என்பார் பொறியாளராகப் பணிபுரிந்தார். பணியாளர் உடலிலோ உடையிலோ கதிரியக்கப் பொருள் ஒட்டியிருப்பின் மணியொலித்து அறிவிக்கும் கருவிகள் அந்நிலையத்தில் இருந்தன. 1984 டிசம்பர்த் திங்களில் வாட்ராஸ் அக்கருவியை அணுகும்போதெல்லாம் மணி ஒலிக்கலாயிற்று. நிலையமோ மின்னாக்கம் தொடங்கவேயில்லை. ஒருநாள் அவர் உள்ளே புகுந்தவுடன், எவ்வேலையிலும் ஈடுபடாது, நேரே கருவியருகே சென்று நின்றார். அப்பொழுதும் மணி ஒலித்தது! கதிரியக்கப் பொருள் நிலையத்தில் ஒட்டியதன்று, அவர்தம் இல்லத்திலிருந்தே வந்தது என்பது அதனால் விளங்கிற்று. இல்லத்தை ஆராய்ந்தபோது, ரேடான் என்னும் வளி அங்கே அளவிறந்து நிறைந்திருக்கக் கண்டனர்.

பாறையிலும் மண்ணிலும் யுரேனியம் சிறிதளவு கலந்துள்ளது. அது நெடுங்காலம் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைய ரேடான் பிறக்கிறது. முன்னவை திண்பொருள்கள், ஆதலின் மண்ணிலேயே கிடக்கும். ரேடானோ வளியாதலின் நுண்துளைகளின் வழியே மேலெழும். வெட்டவெளியில் அது காற்றோடு கலந்து நீர்த்துவிடும். தரை வெடிப்பின் வழியாக வீட்டினுள் புகுந்தாலோ அங்கேயே தேங்கும். குளிர்நாட்டார் சாளரங்களை அடைத்து வீட்டை வெப்பமூட்டுவர். வெம்மையுற்ற காற்று மேலேறி வெளியேற, நிலத்தடிக் காற்று அதனிடத்தை நிரப்ப உள்ளே ஈர்க்கப்படும்.

இவ்வளிக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. புகையாவது கண்ணைக் கரித்து நம்மை எச்சரிக்கும். இதுவோ மூச்சோடு உட்புக, இதன் சிதைவுப் பொருள்கள் நுரையீரலில் படிந்து கதிர் வீசும். ஆண்டுகள் பல கழிந்தபின் புற்றுநோய் தோன்றக்கூடும். புகைப்போர்க்கு இவ்விடர் பன்மடங்காகும்.

ரேடானைப் பிகோகியூரி என்னும் அலகால் அளப்பர். ஒரு லிட்டர் காற்றில் 4 பிகோகியூரி இருப்பின் வீட்டைச் செப்பனிடுக என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரை. அந்நிலையில் அக்காற்றில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 9 ரேடான் அணுக்கள் சிதையும். வாட்ராஸ் இல்லத்தில் இருந்ததோ ஏறத்தாழ 2,700 பிகோகியூரி. அஃதாவது நிமிடத்திற்கு ஏறக்குறைய 6,000 அணுக்கள்!

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. அண்டை வீட்டில் அளவு மிகக் குறைவாகவே இருந்தது. அடிநிலத்துப் பாறையும் தரையின் வெடிப்பும் வீட்டுக்கு வீடு வேறுபடுதலே காரணம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாகலாம். ஊர்ச் சோற்றுக்கெல்லாம் ஒரு பானை பதமாகாது. ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்தையே சோதித்தல் வேண்டும்.

சோதனை எளிது. கரித்தூள் நிறைந்த சிறு சிமிழைக் கீழ்த்தள அறையில் திறந்து வைப்பர். கதவு சாளரங்களை மூடியே வைப்பர். சில நாள் கழித்துச் சிமிழை மூடி ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவர். நான்கு நாளுக்குள் ரேடானில் பாதி சிதைந்துவிடுமாதலின், அனுப்பத் தாழ்த்தலாகாது. பருவந்தோறும் அளவு மாறும். அதனால் மூன்று திங்களுக்குமேல் வைத்து அளக்கும் கருவியே உண்மை நிலையைச் செவ்வனே காட்டும்.

மிகுதியாயின் வீட்டைக் கைவிட வேண்டுவதில்லை. தரைக்கடியில் குழாய் பதித்து, விசிறியால் அவ்வளியை உறிஞ்சிக் கூரைக்குமேல் போக்கிவிடலாம். வாட்ராஸ் குடும்பத்தார் சின்னாள் வெளியேறி வாழ்ந்தனர். செப்பனிட்டபின், 1985-ஆம் ஆண்டில், அவ்வில்லத்திற்கே மீண்டனர்.