பம்பாயிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம்?

பூகோளம் படிக்கும் பிள்ளையிடம் இதைக் கேட்டால், "ஏறத்தாழ 4,500 மைல், அதாவது 7,200 கிலோமீட்டர்" என்று உடனே விடை கூறிவிடுவான். ஆனால் பிரயாணம் புறப்படுகிறவனுக்கு மைல் கணக்கு பெரிதல்ல. "எத்தனை நாள் ஆகும்?" என்பதே அவன் கேள்வி. அதற்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு விடை பெற்று வந்திருக்கிறது.

1931-ம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி மகாத்மா காந்தி வட்டமேஜை மகாநாட்டுக்காகப் பம்பாயில் 'ராஜபுதானா' கப்பல் ஏறினார். மார்ஸேல்ஸில் இறங்கி, ரயிலில் பிரான்ஸைக் கடந்து, செப்டம்பர் 12-ந் தேதி லண்டன் சேர்ந்தார். இரண்டு வாரம்! ஆகாய மார்க்கம் அதற்கு முன்பே, 1929-ல், லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே ஏற்பட்டிருந்தது. அதில் சென்றால் ஏழு நாள். அதிலும் ஐரோப்பாவில் ஒரு பகுதியை ரயிலில்தான் கடக்க வேண்டும். கப்பலும் ஆங்கிலேயருடையது, விமானமும் ஆங்கிலேயருடையது. நாம் கூலி கொடுத்து ஏறும் பிரயாணிகளாக மட்டுமே இருந்தோம்.

சுதந்திரம் வந்து ஓராண்டு நிறைவதற்கு முன், 1948-ம் வருஷம் ஜூன் 8-ந் தேதி, ஏர் இந்தியா இண்டர்நேஷனலின் 'மலபார் பிரின்ஸஸ்' பம்பாயிலிருந்து கிளம்பியது. நான்கு எஞ்சின் பூட்டிய கான்ஸ்டெல்லேஷன் விமானம் அது. 1932-ல் சிறு விமானமொன்றில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்த ஜே. ஆர். டி. டாட்டாவும் அதில் பிரயாணம் செய்தார். கெய்ரோவிலும் ஜினீவாவிலும் தங்கிச் சென்றதால் வழி சுமார் 5,000 மைலாயிற்று. ஆயினும் இரண்டு வாரப் பிரயாணம் ஏறக்குறைய ஒரு நாளாகச் சுருங்கியது. சுருங்கியது ஒரு பெருமை. நம் கொடி தாங்கிய விமானம் சுருக்கியது அதனினும் பெரும் பெருமை.

இன்றைய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. கணக்குப்படி எட்டு மணி நேரம் போதும். ஆனால் லண்டன் செல்ல ஒன்பது, பத்து மணி நேரம் ஆகிறது. உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் பெருங்காற்று போகும்போது எதிர்த்து நிற்கிறது; அதே காற்று திரும்பும்போது முதுகைத் தாங்கித் தள்ளுகிறது. ஆகவே வருகை சற்று விரைவு.

காற்றைவிடக் கடுமையான தடை ஒன்று உண்டு. பூகோள உருண்டையில் இரு நகரங்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது பாகிஸ்தான், ஈரான், காக்கேசிய மலைப் பிரதேசம், உக்ரைன் ஆகியவற்றின் மேலாகச் செல்லும். அதுவே மிகக் குறுகிய வழி. ஆனால் 2022 பிப்ரவரியில் யுத்தம் மூண்டதும் உக்ரைன் வானம் அடைபட்டது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வானத்தை மூடியது. டில்லியிலிருந்து மேற்கே செல்லும் நம் விமானங்கள் அரபிக் கடல் வழியே சுற்றிச் செல்ல நேர்ந்தது. எரிபொருளும் நேரமும் கூடின.

பூமியின் தூரம் இயற்கை வகுத்தது. அதைக் கடக்கும் நேரத்தையோ மனிதரே நீட்டவும் குறைக்கவும் செய்கின்றனர். சொந்தச் சிறகு பெற நமக்குச் சுதந்திரம் வேண்டியிருந்தது. அச்சிறகு நேர்வழியில் பறக்க, அண்டை நாடுகளின் சமாதானமும் வேண்டியிருக்கிறது.