குழு விளையாட்டில் ஆடுவார் தொகை: ஜவ்வாது மலை உறைவிடப் பள்ளிகளை முன்வைத்து

திறவுச்சொற்கள்: ஜவ்வாது மலை, உறைவிடப் பள்ளி, கிளித்தட்டு, உத்தி பிரித்தல், நாட்டார் வழக்காறு

தேவநேயப் பாவாணர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ என்னும் நூலில் விளையாட்டுகளை விளக்குமிடத்து ஆடுவார் தொகை, ஆடிடம், ஆடுமுறை எனப் பகுத்துரைக்கிறார். இவற்றுள் ஆடுவார் தொகை வெறும் விவரக் குறிப்பன்று; யார் ஆடுகின்றனர், யார் வேடிக்கை பார்க்கின்றனர் என்பதை அதுவே முடிவுசெய்கிறது.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலை இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுவோர். பெயரைக் கொண்டு அவர்களைக் கேரளத்தாராகக் கருதுவது பிழை. சிற்றூர்கள் சிதறிக் கிடப்பதால் குழந்தைகள் பலர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் பயில்கின்றனர். இத்தகைய பள்ளியில் மாலை வேளையில் பல வயதினரும் ஒரே முற்றத்தில் கூடுவர்.

அங்கு எதனை ஆடுவது? 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம்பெற்ற கபடி இயல்பான விடையாகத் தோன்றலாம். ஆனால், வரையறுக்கப்பட்ட கபடியில் களத்தில் அணிக்கு எழுவர். நாற்பது பேர் கூடிய முற்றத்தில் 14 பேர் ஆட, 26 பேர் கோட்டுக்கு வெளியே நிற்பர்.

கிளித்தட்டின் அமைப்பு வேறு. இதனை உப்புக்கோடு, தாச்சி என்றும் வழங்குவர். நீள்சதுரக் களத்தைக் குறுக்குக் கோடுகளால் தட்டுகளாகப் பிரித்து, கோட்டுக்கு ஒருவராக மறிப்பர். கிளி எனப்படுபவர் நடுக்கோட்டின் வழியேயும் ஓடித் தொடலாம். எதிரணியினர் தொடுபடாமல் கடைசித் தட்டைக் கடந்து மீள வேண்டும். இருவர் புதிதாக வந்தால் மேலும் ஒரு கோடு கிழித்தால் போதும். மறிக்க ஒருவர், கடக்க ஒருவர் என அணிகள் சமனாகவே இருக்கும். ஆட்கள் குறைந்தால் ஒரு கோட்டை அழித்துவிடலாம். கருவி எதுவும் வேண்டுவதில்லை. சமதரை அரிதான மலையூரில் நெற்களமோ சாமைக்களமோ ஓய்ந்திருக்கும் காலம் இதற்குப் போதுமானது.

வயது வேறுபாட்டுக்கும் மரபில் வழியுண்டு. உத்தி பிரிக்கையில் ஏறத்தாழ ஒத்த வலிமையுடைய இருவர் இணைந்து, தமக்குள் மறைபெயர் சூட்டிக்கொண்டு தலைவர்களிடம் வருவர். தலைவர் பெயரைத்தான் தெரிவுசெய்கிறார், ஆளையன்று. ஆகவே, ‘கடைசியாக எடுக்கப்பட்டவர்’ என்னும் இழிவு எவருக்கும் நேர்வதில்லை. மிகச் சிறியவரை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்வர். அவர் ஓடலாம், ஆனால் கணக்கில் வாரார். (இத்தொடரின் சொல்லாட்சி இன்று ஏற்கத்தக்கதன்று, அது சுட்டும் ஏற்பாடு கருதத்தக்கது.)

நடுவர் இல்லாமையும் இங்குக் கவனத்திற்குரியது. தொட்டதா இல்லையா என்ற பூசலைச் சிறுவரே தீர்ப்பர். மீறியவரை ‘அழுகுணி’ என்னும் ஒரு சொல்லே தண்டிக்கும். ஆசிரியர் ஊதல் எடுத்ததும் இப்பொறுப்பு அவர் கைக்கு மாறிவிடுகிறது. எனவே, வகுப்பறையில் அமர்ந்து விளையாட்டுப் பெயர்களைக் கேட்டெழுதும் களப்பணியில் இப்பூசல்கள் பதிவாவதில்லை. மாலையில் முற்றத்தின் ஓரத்தில் நின்று, எத்தனை கோடுகள் கிழிக்கப்பட்டன, எப்போது அழிக்கப்பட்டன என்று எண்ண வேண்டியுள்ளது.