பரிந்துரைச் சீட்டு பிணைச் சீட்டாகுமா?

பட்டம் பெற்று வெளியேறும் மாணவருள் பலர் ஒருமுறையேனும் வேலைவாய்ப்பு நிலையத்தின் வாயிலை மிதித்தவராகவே இருப்பர். 'எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச்' என்னும் பெயரே நம் வீடுகளில் தமிழ்ச் சொல்லாகிவிட்டது. அங்கே பெயரைப் பதிவு செய்கிறோம், காத்திருக்கிறோம், ஒருநாள், 'இன்ன இடத்திற்குச் செல்க' என்று சீட்டு வருகிறது. அச்சீட்டில் அரசாங்க முத்திரை இருக்கிறது. வேலை கொடுப்பவர் அதைக் கண்டு, 'அரசாங்கமே அனுப்பிய ஆள்' என்று நம்புகிறார். வேலைக்குச் செல்பவரோ, 'அரசாங்கமே அனுப்பிய இடம்' என்று நம்புகிறார். இவ்விரு நம்பிக்கைகளில் ஒன்று பொய்த்துப்போனால் யார் பொறுப்பு? அனுப்பிய நிலையத்தின்மீது வழக்குத் தொடரலாமா? சட்டம் பயிலும் மாணவன் என்ற முறையில் இக்கேள்வியை ஆராய முயல்கிறேன்.

முதலில் நிலையம் யாது என்பதை அறிந்துகொள்வோம். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களுக்கும், போர்த் தொழில்களிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்கும் வேலை தேடித் தரவே இந்நிலையங்கள் தோன்றின. 1948இல் வேலை தேடுவோர் அனைவருக்கும் கதவு திறந்தது. 1956 நவம்பர் 1 முதல் அன்றாட நிர்வாகம் மாநில அரசுகளிடம் வந்தது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 88ஆம் உடன்படிக்கை, இச்சேவையை அரசாங்கம் கட்டணமின்றி நடத்தவேண்டும் என்கிறது. இந்தியா அதை 1959இல் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கச் செய்யும் சட்டமும் பிறந்தது. 1960 மே 1 அன்று அமுலுக்கு வந்தது.

அச்சட்டத்தின் நான்காம் பிரிவில்தான் நம் கேள்விக்கு முதல் விடை இருக்கிறது. காலியிடத்தை நிரப்புமுன் நிலையத்திற்குத் தெரிவிக்கவேண்டும் என்று அது கட்டளையிட்டது. ஆனால், தெரிவித்துவிட்ட காரணத்தால் நிலையத்தின் வழியாகவே ஆள் எடுத்தாகவேண்டும் என்ற கடமை இல்லை என்றும் அதே பிரிவு சொன்னது. 1987இல் ஹர்கோபால் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்திற்று. அஃதாவது, நிலையம் ஆளை அறிமுகம் செய்கிறது, தேர்ந்தெடுப்பவர் முதலாளியே.

இந்த வேறுபாடு சிறியதன்று. ஒரு தொழிலாளி பணியின்போது பிறருக்குத் தீங்கு செய்தால் அவருடைய எஜமானர் பொறுப்பேற்கவேண்டும் என்பது பழைய சட்ட நெறி. எஜமானர் யார்? வேலையை ஏவுபவர், மேற்பார்ப்பவர், சம்பளம் கொடுப்பவர், வேண்டாவிடில் நீக்குபவர். இவற்றில் ஒன்றையும் நிலையம் செய்வதில்லை. ஆதலின், நிலையம் அனுப்பிய ஓட்டுநர் கம்பெனி லாரியை ஒருவர்மேல் ஏற்றிவிட்டால், வழக்கு கம்பெனியின் வாயிலுக்குத்தான் செல்லும். நிலையம் அனுப்பிய காசாளர் பெட்டியைக் காலி செய்தாலும், அவரை விசாரித்து அமர்த்தும் பொறுப்பு முதலாளிக்கே இருந்தது. பரிந்துரைச் சீட்டு ஓர் அறிமுகம். பிணைச் சீட்டு அன்று.

அப்படியானால் நிலையத்திற்குப் பொறுப்பே இல்லையா? ஓட்டுநர் உரிமமே இல்லாத ஒருவரை, 'உரிமம் உடையவர்' என்று எழுதி அனுப்பிவிட்டால்?

இங்கே மூன்று கதவுகளைத் தட்டிப் பார்க்கலாம்.

முதற்கதவு நுகர்வோர் நீதிமன்றம். இது திறவாது. இலவசமாக அளிக்கும் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. 'நாங்கள் வரி கட்டுகிறோமே' என்று வாதிடலாம்; ஆனால் வரி என்பது குறிப்பிட்ட சேவைக்குக் கொடுத்த விலையாகாது என்று, மருத்துவமனைகள் பற்றிய 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது.

இரண்டாவது, அதிகாரியின்மீது நேரே தொடரும் வழக்கு. இதற்கு எதிராக 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு கேடயமாக நின்றது. அச்சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்தோடு செய்த எதற்காகவும் எவர்மீதும் வழக்கு இல்லை என்பது அதன் சாரம். 'நல்லெண்ணம்' என்றால் என்ன? இந்திய தண்டனைச் சட்டம், தக்க கவனமின்றிச் செய்த எதுவும் நல்லெண்ணம் ஆகாது என்றது. அதன் இடத்தில் 2024 ஜூலையில் வந்த புதிய சட்டமும் அவ்வாறே சொல்கிறது. ஆனால் மத்தியச் சட்டங்களுக்குப் பொதுவாகப் பொருள் கூறும் 1897ஆம் ஆண்டுச் சட்டமோ, நேர்மையாகச் செய்தது கவனக்குறைவாகச் செய்ததாயினும் நல்லெண்ணமே என்கிறது! ஆகவே, சான்றிதழைச் சரியாகப் பாராத அதிகாரியும் நேர்மையாளராயின் தப்பிவிடுவார். பொய் என்று அறிந்தே அனுப்பியவரும், கையூட்டுப் பெற்று அனுப்பியவரும் தப்ப இயலாது.

ஒரு நுட்பமும் உண்டு. அச்சட்டம் முக்கியமாகக் காலியிட அறிவிப்பைப் பற்றியது. ஆளைத் தேர்ந்து அனுப்புவது பெரும்பாலும் நிர்வாக விதிகளின்படி நடப்பது. ஆகவே அக்கேடயம் பரிந்துரையையும் மறைக்குமா என்பது வாதத்திற்குரியதே.

மூன்றாவது, அரசாங்கத்தின்மீதே தொடரும் வழக்கு. உதயப்பூரில் பழுதுபார்க்கும் இடத்திலிருந்து கலெக்டரின் ஜீப்பை ஓட்டிவந்த அரசு ஓட்டுநர் வழிப்போக்கர் ஒருவரை மோதிக் கொன்றார். வித்யாவதி என்பவரின் பெயரால் வழங்கும் அவ்வழக்கில், மாநில அரசு நட்டஈடு தரவேண்டும் என்று 1962இல் தீர்ப்பாயிற்று. ஆனால் மீரட்டில் போலீசார் கைப்பற்றிய தங்கத்தைத் தலைமைக் காவலர் ஒருவர் அபகரித்துச் சென்ற கஸ்தூரிலால் வழக்கில், கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் ஆட்சியதிகாரச் செயல்கள் என்று கூறி 1964இல் அரசு விடுவிக்கப்பட்டது. பிற்காலத்தில், குறிப்பாக 1994இல் நாகேந்திர ராவ் வழக்கில், அந்த விலக்கின் எல்லை மிகவும் சுருங்கிற்று. தனியாரும் செய்யக்கூடிய காரியம் ஆட்சியதிகாரச் செயல் ஆகாது என்பது 1861 முதல் வழங்கும் அளவுகோல். ஆளை வேலைக்கு அறிமுகம் செய்வதைத் தனியாரும் செய்கின்றனர். ஆதலின் இங்கே அரசு ஆட்சியதிகாரத்தின் பின்னே ஒளிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து.

எனினும் கதவு திறந்தால் மட்டும் போதாது. உள்ளே சென்று மெய்ப்பிக்கவும் வேண்டும். 1963இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, ஹெட்லி பர்ன் வழக்கில், தன் சொல்லை மற்றவர் நம்பி நடப்பார் என்று அறிந்து சொல்பவர் கவனத்தோடு சொல்லவேண்டும் என்ற நெறியை வகுத்தது. வாடிக்கையாளர் ஒருவரின் நாணயத்தைப் பற்றி ஒரு வங்கி சொன்ன சொல்லே அங்கு வழக்காயிற்று. ஆனால், 'எங்களுக்குப் பொறுப்பில்லை' என்று முன்கூட்டியே எழுதியிருந்ததால் வங்கி தப்பித்துக்கொண்டது. அந்நெறியை நம் நிலையத்திற்குப் பொருத்தினால், உரிமம், சான்றிதழ் போன்று தான் பார்த்ததாகச் சொல்லும் தாள்களுக்கே அது பதில் சொல்லவேண்டியிருக்கும். ஆளின் குணத்துக்கு அன்று. அதை அது சோதிப்பதே இல்லை.

இனி வேலை தேடுபவரின் பக்கம் பார்ப்போம். அவருக்கே இழப்பு பெரிது. அனுப்பப்பட்ட ஆலையில் கை முறிந்தால், இழப்பீடு தரவேண்டியவர் ஆலை முதலாளி. 1923ஆம் ஆண்டு முதல் நிலவிவரும் நெறி இது. நிலையத்திடம் அதைக் கேட்க வழியில்லை. ஆனால், தகுதியும் பதிவு மூப்பும் இருந்தும் நிலையம் பெயரை அனுப்பாது விட்டால், உயர் நீதிமன்றத்தில் பேராணை கோரலாம். அரசு வேலையில் சமவாய்ப்பு என்பது அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு தரும் உரிமை. நிலையப் பட்டியலோடு நில்லாமல் பத்திரிகைகளிலும் விளம்பரம் செய்து, விண்ணப்பிப்போர் அனைவரையும் கருதவேண்டும் என்று 1996இல் விசுவேசுவர ராவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியதும் இந்நோக்கிலேதான்.

1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு பெற்றிருக்கிறது. நிலையத்திற்கு அதில் வேறு பெயர். ஆனால் காலியிடத்தை அறிவிப்பது ஒன்று, ஆளை அமர்த்துவது வேறு என்னும் அடிப்படை மாறவில்லை. நல்லெண்ணப் பாதுகாப்பும் தொடர்கிறது.

பொறுப்பு குறைவாக இருப்பதில் ஒரு நியாயம் உண்டு. அனுப்பும் ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் பிணை நிற்கவேண்டுமாயின், சிபாரிசு இல்லாத ஏழைப் பிள்ளையை எந்த அதிகாரியும் துணிந்து அனுப்பமாட்டார். ஆனால், வழக்கு வராது என்பதற்காகக் கடமை குறைந்துவிடாது. ஆபத்தான இடம் என்று அறிந்தும் அனுப்புவதை நல்லெண்ணம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

நண்பர்களே! சீட்டு வந்ததும் முத்திரையை மட்டும் பார்த்து மகிழாதீர்கள். எங்கே வேலை, யார் எஜமானர், என்ன சம்பளம், என்ன பாதுகாப்பு என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் பெறுங்கள். நாளை வழக்கு என்று ஒன்று வந்தால், உங்கள் பக்கம் பேசப்போவது அந்த எழுத்துத்தான்.