அப்பாவோடு ஒரு எல்க் வேட்டை: பாயின்ட் ஏறுகிறது... மூட்டு தேய்கிறது!

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஏப்ரல் பிறந்தால், பல வீடுகளில் இந்தக் கேள்வி எழும்: 'இந்த வருஷம் அப்பாவை எல்க் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போயிட முடியுமா?' துப்பாக்கி வேட்டை நடப்பது அக்டோபர், நவம்பரில்தான். ஆனால், அதற்கான குலுக்கலுக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்தாக வேண்டும். அப்பாவுக்கு 50 வயது என்றால், அது வெறும் விண்ணப்பம். 72 வயது என்றால், அது ஒரு கணக்கு. கொஞ்சம் மனதைப் பிசையும் கணக்கு.

'வேட்டையா?' என்று நீங்கள் புருவம் உயர்த்துவது புரிகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் அது குற்றம். அங்கே நிலைமை வேறு.

எல்க் என்பது நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் இருக்கும் மிளாவின் தூரத்துச் சொந்தம். ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். கட்டுப்பாடில்லாமல் சுட்டுத் தள்ளியதில், 1900-களின் தொடக்கத்தில் கொலராடோவில் இந்த மான் கிட்டத்தட்ட அழிந்தேபோனது. பிறகு பக்கத்து மாநிலமான வயோமிங்கிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று கொலராடோவில் மட்டும் 2.8 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. அமெரிக்காவிலேயே எல்க் அதிகம் உள்ள மாநிலம் இதுதான்.

எந்தப் பகுதியில் எத்தனை பேருக்கு அனுமதி என்பதை மாநில வனவிலங்குத் துறை வருடா வருடம் முடிவு செய்கிறது. லைசென்ஸ் கட்டணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 10 முதல் 11 சதவிகிதம் வரி வசூலித்து, அதையும் இதே வேலைக்குத் தருகிறது 1937-ல் வந்த ஒரு சட்டம். சுட்ட மானின் இறைச்சியை காட்டிலேயே போட்டுவிட்டு வந்தால் வழக்கு பாயும். ஒரு எல்க் கிடைத்தால், ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுக்கக் கறி.

20 வருடம் காத்திருக்கலாமா?

சிக்கல் தொடங்குவது குலுக்கலில்தான். விண்ணப்பித்து, முதல் தேர்வு கிடைக்கவில்லை என்றால் ஒரு பாயின்ட் தருவார்கள். அடுத்த வருடம் கூடுதல் பாயின்ட் வைத்திருப்பவருக்கே முன்னுரிமை. பெரிய கொம்புள்ள ஆண் எல்க் உலவும் சில பகுதிகளுக்கு 20 பாயின்ட்டுக்கு மேல் தேவை. அதாவது, 20 வருடத்துக்கு மேல் காத்திருப்பு!

அப்பாவும் பிள்ளையும் ஒரே குழுவாக விண்ணப்பித்தால் இன்னொரு முடிச்சு விழும். உதாரணத்துக்கு, அப்பாவிடம் 9 பாயின்ட் இருக்கிறது. மகளோ மகனோ இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார், 1 பாயின்ட். கொலராடோவில் குழுவிலேயே யாருக்குக் குறைவோ, அந்த எண்தான் எல்லோருக்கும். அப்பாவின் 9 வருடப் பொறுமை அங்கே செல்லாது. வயோமிங்கில் எல்லோருடைய பாயின்ட்டையும் கூட்டி சராசரி எடுப்பார்கள். அங்கே இவர்களுக்கு 5 பாயின்ட் கணக்கு. எனவே, எந்த மாநிலம் என்பதிலேயே திட்டம் மாறிவிடும்.

'சேர்ந்து போகலாம், இன்னும் கொஞ்சம் பாயின்ட் சேரட்டும்' என்று தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. வருடத்துக்கு ஒரு பாயின்ட் ஏறுகிறது. அதே ஒரு வருடத்தில் அப்பாவின் மூட்டு எவ்வளவு தேய்கிறது என்று எந்த இணையதளமும் காட்டுவதில்லை. 60-ல் நடந்த மலையை 70-ல் நடப்பது வேறு. 75-ல் நடப்பது முற்றிலும் வேறு. கனவுப் பகுதிக்கான அனுமதி வந்து சேரும் நாளில், அப்பா வாசல் படியிறங்கவே கைப்பிடியைத் தேடுகிறவராக இருக்கலாம்.

இதற்கு அங்கே உள்ள வழி எளிமையானது. கொம்பில்லாத பெண் எல்க்குக்கான அனுமதி பல பகுதிகளில் சீக்கிரமே கிடைக்கும். இப்போதைய கொலராடோ விதிப்படி, கனவுப் பகுதியை முதல் தேர்வாகவும், எளிதில் கிடைக்கும் பகுதியை இரண்டாம் தேர்வாகவும் போடலாம். இரண்டாவது கிடைத்தால், சேர்த்த பாயின்ட் கரையாது. கனவும் வரிசையில் நிற்கும். இந்த வருடப் பயணமும் நடக்கும்.

மலையைவிட ரோடு முக்கியம்

இலையுதிர் காலத்தில் எல்க் பெரும்பாலும் 8,000 முதல் 11,000 அடி உயரத்தில் இருக்கும். நம் தொட்டபெட்டா சிகரமே சுமார் 8,650 அடிதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 10,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவிகிதம்தான். சமவெளியிலிருந்து வரும் 72 வயதுக்காரர் இறங்கிய மறுநாளே ஏறினால், தலைவலி, குமட்டல், மூச்சிரைப்பு எல்லாம் வரும்.

அதனால், இடத்தைத் தேர்வு செய்யும்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, வண்டி எவ்வளவு தூரம் போகும்? ரோட்டிலிருந்து அரை மணி நேர நடையில் நல்ல மேடு இருந்தால் அதுவே பெரிய விஷயம். இரண்டாவது, ராத்திரி எங்கே தூங்குவது? மலை உச்சியில் கூடாரம் போடுவதைவிட, கீழே இருக்கும் சிற்றூரில் அறை எடுப்பது அப்பாவின் நுரையீரலுக்கும் முதுகுக்கும் நல்லது. இரண்டு நாள் முன்கூட்டியே போய்த் தங்கினால் உடம்பு பழகும். மூன்றாவது, எந்த வாரம்? நவம்பரில் பனி கொட்டினால் எல்க் கூட்டம் தாழ்வான இடங்களுக்கு இறங்கி வரும். குளிர் கூடும், ஏற்றம் குறையும்.

நடமாட்டச் சிரமம் அதிகம் உள்ளவர்களுக்குச் சலுகைகளும் உண்டு. மொன்டானா மாநிலத்தில், தகுதியுள்ளவர்கள் நிறுத்திய வண்டியிலிருந்தே வேட்டையாட தனி அனுமதி கொடுக்கிறார்கள்.

உட்காரத் தெரிந்தவரே வேட்டைக்காரர்

வயதானால் வேட்டைக்கு லாயக்கில்லை என்று நினைக்க வேண்டாம். விடியலிலும் அந்தியிலும் எல்க் மரக்கூட்டத்தை விட்டுப் புல்வெளி ஓரம் மேய வரும். அந்த நேரத்தில் அசையாமல் உட்கார்ந்து பைனாகுலரில் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இளம்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறியதும் மேலே போகும். நம் வாசனை எல்க்கின் மூக்குக்குப் போய்விட்டால், அன்றைய நாள் அவ்வளவுதான். இதையெல்லாம் 40 வருட அனுபவம் உள்ள ஓர் அப்பா, மேப்பைப் பார்க்காமலே சொல்வார்.

பேச்சை எப்படித் தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். 'உங்களால அவ்வளவு தூரம் முடியாதுப்பா' என்றால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். 'காலையில எந்த மேட்டுல உட்கார்ந்தா நல்லா தெரியும்பா?' என்று கேட்டால், திட்டத்தை அவரே போட ஆரம்பித்துவிடுவார்.

சுட்ட பிறகுதான் நிஜமான வேலை

ஒரு பெரிய எல்க்கிலிருந்து எலும்பு நீக்கி 80 கிலோவுக்கு மேல் கறி கிடைக்கும். பின்னங்கால் ஒன்றே 25 கிலோவுக்கு மேல் வரும். இதை நான்கைந்து நடையாக முதுகில் சுமக்க வேண்டும். வெயிலடிக்கும் அக்டோபரில் தாமதித்தால் கெட்டுவிடும். 'நானும் ஒண்ணு தூக்குறேன்' என்று அப்பா முன்வருவார். அங்கேதான் ஆபத்து. மிச்சிகனில் மான் வேட்டைக்காரர்களின் இதயத்துடிப்பை டாக்டர்கள் அளந்தபோது, சிலருக்கு டிரெட்மில் பரிசோதனையில் தொட்ட உச்சத்தையும் அது தாண்டியிருந்தது. யார் சுமப்பது என்பதை, ஏப்ரலிலேயே பேசி முடிக்க வேண்டும். இளவட்ட உறவினரோ, குதிரை வாடகைக்குத் தருபவரோ தயாராக இருக்கட்டும்.

கிளம்பும் முன் கவனிக்க...

* கோடையிலேயே டாக்டரைப் பார்த்து, மலை உயரத்தையும் சொல்லி, இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

* இன்சுலின் உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. காரில் விட்டுவிடாமல், உடம்போடு ஒட்டிய உள்பாக்கெட்டில் வைப்பது நல்லது.

* ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் கறி வெட்டும் கத்தியைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

* மலையில் செல்போன் சிக்னல் பெரும்பாலும் இருக்காது. சாட்டிலைட் மூலம் செய்தி அனுப்பும் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். அதை அழுத்த அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

* கொலராடோவில் 1949 ஜனவரி 1-க்கு முன் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் தேவையில்லை. மற்றவர்கள், 72 வயது ஆனாலும், காட்ட வேண்டும். பழைய அட்டை எந்த டிராயரில் இருக்கிறது என்று இப்போதே தேடுவது நல்லது.

* அப்பாவின் அனுமதியில் பிள்ளை சுட முடியாது. அவரவர் அனுமதிக்கு அவரவர்தான். அப்பா துப்பாக்கி எடுக்க விரும்பாவிட்டால், லைசென்ஸ் இல்லாமலே துணைக்கு வரலாம்.

கடைசியாகச் சொன்னதைப் பல அப்பாக்கள் தாமாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆரஞ்சு நிற ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, ஃப்ளாஸ்க்கில் காபியோடு மேட்டில் உட்கார்ந்து, எல்க் எந்தப் பக்கம் வரும் என்று காதோடு காதாகச் சொல்வதே அவர்களுக்குப் போதும். அதற்கு 20 பாயின்ட் தேவையில்லை. ஏப்ரல் விண்ணப்பத்தில் எளிதான ஒரு பகுதியின் எண்ணும், கோடை முழுக்க அப்பாவோடு சேர்ந்து நடக்கும் தினசரி ஒரு மணி நேர நடையும் போதும். அந்த நடையை ஆரம்பிக்க குலுக்கல் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.