குடியும் மனையும்



நம் கடற்கரை ஊர்களின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தூத்துக்குடி, பழையகாயல், புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு. இவற்றுள் முதற்பெயரின் இறுதியில் நிற்கும் 'குடி' என்னும் சொல் நம் கருத்துக்கு உரியது. குடி என்பது மக்கள் வாழும் இடத்தையும் குறிக்கும். அவ்விடத்தில் வாழும் மக்களையும் குறிக்கும். இடமும் மக்களும் ஒரே சொல்லில் அடங்கியது தற்செயலன்று. நிலையாக இருக்க ஓர் இடம் பெற்றவனையே உலகம் குடிமகனாக மதித்தது. அவ்விடம் இல்லாதவன் நாடோடி எனப்பட்டான்.

எளிய மக்களுக்கு வீடு கிடைக்க நம் பகுதியில் நடந்த முயற்சிகள் யாவை? அவற்றுள் எவை நிலைத்தன? ஏன் நிலைத்தன? இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், 1980களில், கடலோரச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில் பணியாற்றினேன். ஒரு கோடைக்காலப் பிற்பகலில், காற்று மிகுந்த வேளையில், அங்கிருந்த ஓலைக் குடிசை வரிசை ஒன்று தீப்பற்றிக் கால் மணி நேரத்தில் சாம்பலாயிற்று. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் புத்தகங்களும் அத்தீயில் போயின. தேர்வுக்குச் சில நாட்களே இருந்தன. மறுநாள் அவன் வீட்டாரைக் காணச் சென்றேன். குடிசை எரிந்ததற்கு அவன் தந்தையார் அழவில்லை. "ஓலை போனால் ஓலை வரும், வாத்தியாரையா. இந்த இடத்திலே மறுபடியும் கொம்பு ஊன்ற விடுவார்களா? அதுதான் தெரியவில்லை," என்றார். அவர் அஞ்சியவாறே நடந்தது. அலுவலகம் ஒன்றில் அவரை நோக்கி, 'நீர் அங்கே குடியிருந்ததற்குச் சான்று என்ன?' என்று கேட்டனர். பாட்டனார் காலம் முதல் வாழ்ந்த இடத்திற்கு அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. இருந்த குடும்ப அட்டையும் குடிசையோடு எரிந்துவிட்டது.

வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமே என்று அதுவரை எண்ணியிருந்தேன். அன்று அவ்வெண்ணம் மாறியது. வீட்டுக்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது மனை, அதாவது காலூன்ற உரிமையுள்ள நிலம். இரண்டாவது கட்டடம். மூன்றாவது பிழைப்பு, அதாவது வீட்டில் இருப்பவர் உண்டு வாழ வழி. இம்மூன்றனுள் ஒன்று குறையினும் வீடு நிலைபெறாது.

முதலில் மனையைக் கருதுவோம். முத்துக்குளிப்புக் காலங்களில் நம் கரையில் ஓலையால் ஒரு நகரமே எழும். குளிப்போர், சம்மாட்டிகள், வணிகர், காவலர் என ஆயிரக்கணக்கானோர் அங்குக் கூடுவர். சில வாரங்களில் சிலாபம் முடியும், நகரமும் மறையும். தூத்துக்குடியில் இறுதியாக அத்தகைய முத்துக்குளிப்பு நடைபெற்றது 1961ஆம் ஆண்டில். அரசர் முடியில் ஏறிய முத்தை மூச்சடக்கி எடுத்தவனுக்குக் கரையில் நிலையான மனை இல்லை. கடலோர நிலம் பெரும்பாலும் புறம்போக்காகவோ, ஊர்ப் பொதுவாகவோ இருந்ததே இதற்குக் காரணம்.

உள்நாட்டிலும் நிலைமை வேறன்று. குடிசை ஏழையினுடையது; அதன் அடியில் உள்ள நிலம் நிலக்கிழாருடையது. அவர் மனம் மாறினால் குடிசையைப் பிரிக்க வேண்டியதுதான். இக்குறையைத் தீர்க்கும் முயற்சி ஒன்று, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மாவட்டத்தில் தோன்றியது. சமயம் மாறியதால் ஊரைவிட்டு விரட்டப்பட்ட எளிய குடும்பங்களுக்காக, தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார் 1799இல் சாத்தான்குளம் பக்கத்தில் நிலம் வாங்கி ஓர் ஊர் அமைத்தார். அதுவே முதலூர். தூத்துக்குடிக்குத் தென்மேற்கே உள்ள சாயர்புரம், சாமுவேல் சாயர் என்னும் வணிகர் அளித்த நிலத்தில் உண்டாயிற்று. பின்னர் 1830இல், பாளையங்கோட்டையில் இருந்த ரேனியஸ் என்பவர் 'தர்ம சங்கம்' ஒன்றை நிறுவினார். ஊரார் கொடுத்த காணிக்கையைச் சேர்த்து, ஒண்ட இடமற்றோர்க்கு நிலமும் வீடும் வாங்குவதே அச்சங்கத்தின் நோக்கம்.

இவ்வூர்கள் ஒரு சமயத்தாரின் இடுக்கண் காரணமாக எழுந்தவை. ஆயினும் நாம் இங்குக் கருதுவது சமயத்தையன்று. அவர்கள் கண்ட முறையையே ஆகும். அவர்கள் வீட்டைக் கட்டுவதற்கு முன் நிலத்தை வாங்கினார்கள். நிலம் கையில் இருந்தமையால் எவரும் அவர்களை எழுப்ப இயலவில்லை. அவ்வூர்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன.

இதே உண்மையைச் சட்டம் ஒப்புக்கொள்ள நெடுநாள் ஆயிற்று. உழவரும் உழவுத் தொழிலாளரும் தாம் குடியிருக்கும் மனைக்கு உரிமை பெறுவதற்கான குடியிருப்புச் சட்டம் தமிழகத்தில் 1971இல் வந்தது. நகரத்து எளியோர்க்கெனக் குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. அதுவே 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

நம்மவர் பலர் சென்று வாழும் சிங்கப்பூரிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1961ஆம் ஆண்டு மே மாதத்தில் புக்கிட் ஹோ சுவீ என்னும் பகுதியில் மூண்ட தீயால் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்திருந்தது. எரிந்த நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. ஓராண்டளவில் அடுக்குமாடி வீடுகள் எழத் தொடங்கின. நம் ஊரிலும் தீ, அங்கும் தீ. அங்கே அரசு முதலில் மனைக்கு விடை கண்டது. வேறுபாடு அதில்தான்.

இனிக் கட்டடத்தைப் பார்ப்போம். நம் நாட்டு ஏழையின் வீட்டைப் பனைமரமே தாங்கியது. தூணும் கைம்மரமும் வரிச்சும் பனை தந்தவை, கூரையும் பனையோலையே. விலை குறைவு, வெயிலுக்குக் குளிர்ச்சி. ஆனால் உப்புக் காற்றில் ஓலை விரைவில் நைந்துவிடும். அடிக்கடி புதிதாக வேய வேண்டும். அச்செலவைப் பல ஆண்டுகளுக்குக் கூட்டிப் பார்த்தால், மலிவான வீடு மலிவானதன்று என்பது விளங்கும். கணக்கு வகுப்பில் இதனைச் செய்து பாருங்கள்.

வசதி உடையோர் சுண்ணாம்புச் சாந்தால் கட்டினர். கடுக்காய் ஊறல் நீரும் கருப்பட்டி நீரும் சேர்த்து அரைத்த சாந்து மிக உறுதியானது. ஆயின் அச்சுண்ணாம்புக்காகவும் கட்டுகல்லுக்காகவும் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தோம். பவளப்பாறை என்பது அலையின் வேகத்தை உடைக்கும் இயற்கை அரண். அரண் போனதும் தீவுகள் கரைந்தன. வளைகுடாவின் 21 தீவுகளுள் இரண்டு நீருள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் பெரும்பகுதி கரைந்து போகவே, எஞ்சியதைக் காக்கச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இட வேண்டியதாயிற்று. 2001 முதல் பவளம் சட்டப் பாதுகாப்புப் பெற்றுள்ளது. ஒருவன் வீட்டுச் சுவருக்காகப் பலருடைய வீட்டின் மதிலை இடித்தோம் என்பதே இதன் சுருக்கம்.

இன்று எங்கும் கம்பி இட்ட கான்கிரீட் வீடுகள். கடலோரத்தில் இவை விரைவில் வெடிப்பதைக் கண்டிருப்பீர்கள். காரணம் இது. உப்பு கலந்த மணலோ, உப்பு நீரோ, உப்புக் காற்றோ உள்ளே புகுந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. நல்ல தண்ணீரில் கலவை சேர்ப்பதும், உப்பில்லா மணலைக் கொள்வதும், கம்பியின்மேல் போதிய கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருப்பதும் இதற்கு மருந்து. குடிக்கவே நல்ல தண்ணீர் அரிதான கரையில் இம்மருந்து எளிதன்று. எனவே ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்தால் மட்டும் போதாது. அது இருபது ஆண்டு நிற்குமாறு கட்டிக் கொடுத்தல் வேண்டும்.

மூன்றாவது உறுப்பு பிழைப்பு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின், 2005இல் தமிழக அரசு ஒரு வீட்டுக் கொள்கையை வகுத்தது. கடலின் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தோர் அப்பால் சென்றால், ஒன்றரை இலட்சம் ரூபாய் மதிப்புள்ள புதிய வீடு இலவசமாகக் கிடைக்கும். செல்லாமல் தங்கினால் தம் செலவிலேயே பழுது பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய வீட்டின் உரிமையைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்து எழுத வேண்டும் என்றது அக்கொள்கையின் சிறந்த பகுதி. மனை என்னும் சொல்லிலிருந்து மனைவி என்னும் சொல்லை ஆக்கிய நாம், மனையில் அவள் பெயரை எழுத இத்தனை காலம் கடத்தினோம்.

ஆனால் மீனவர்க்கு ஓர் இடர் இருந்தது. கரையில் நின்று காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்தே அவர் கடலுக்குச் செல்வதா, வேண்டாவா என்று துணிவார். வள்ளமும் வலையும் கண்பார்வையில் இருத்தல் வேண்டும். பெண்கள் கரையில் மீனைப் பெற்று உடனே சந்தைக்குச் செல்ல வேண்டும். வீடு தொலைவில் அமைந்தால் உயிருக்குக் காவல் உண்டு. தொழிலுக்கு இடையூறு உண்டு. இரண்டையும் நிறுத்துப் பார்த்தே இடம் குறிக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தை அடுத்த மரியநாடு இதற்கு வழிகாட்டுகிறது. 1960களின் தொடக்கத்தில் அங்குக் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்கள் வீட்டோடு நின்றுவிடவில்லை. பின்னர்த் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் கண்டு, மீன் விற்பனையை இடைத்தரகரிடமிருந்து தம் கைக்கு மாற்றிக்கொண்டனர். வருவாய் பெருகினாலன்றி வீடு பழுதாகும்போது அதனைச் செப்பனிடுவது எவ்வாறு?

கடல் கடந்து வந்தோரையும் மறத்தலாகாது. இலங்கையிலிருந்து ஏதிலிகளாக வந்த தமிழர் பலர், நம் மாவட்டத்துத் தாப்பாத்தி முதலிய முகாம்களில் பல்லாண்டுகளாகச் சிறு அறைகளில் வாழ்ந்தனர். மாநிலம் முழுதும் உள்ள இத்தகைய முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. முகாம் என்பது தங்கும் இடம். வீடு என்பது வாழும் இடம். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் உங்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கக் கூடும்.

மாணவர்களே, புதிதாக வீட்டு வரிசை ஒன்றைக் காணும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். இந்த மனை யார் பெயரில் உள்ளது? இருபது ஆண்டுக்குப் பின் இச்சுவர் எப்படி இருக்கும்? இங்கு வாழ்பவர் எங்கே சென்று உழைக்கிறார்? இவற்றுக்கு நல்ல விடை கிடைத்தால், அது வீடு. கிடைக்காவிடில், அது கட்டடம் மட்டுமே.

தீயில் புத்தகம் இழந்த மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இரவல் புத்தகங்களைக் கொண்டு படித்து அவன் தேறினான். குடிசை பழைய இடத்திலேயே, யாருடைய அனுமதியும் இன்றி, அச்சத்தோடு மீண்டும் எழுந்தது. பல ஆண்டுகளுக்குப் பின், நான் ஓய்வு பெறும் தறுவாயில், அவர் என்னைத் தேடி வந்தார். தம் தாயார் பெயரில் கிடைத்த மனைப்பட்டாவை என் கையில் தந்தார். ஒரு பெயர், ஓர் எண், ஓர் அளவு. அவ்வளவே அதில் இருந்தன. நான் அதனை இருமுறை படித்தேன்.

"அப்பா இருந்து பார்க்கவில்லை, ஐயா," என்றார் அவர்.