சின்னச் சொல், பெரிய வேறுபாடு

ஆய்வுக்கூடத்தில் நீங்கள் ஒரு சோதனை செய்து முடித்திருக்கிறீர்கள். புட்டியில் அமிலம் எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதை அடுத்து வருபவருக்காக ஆங்கிலத்தில் எழுதி வைக்க வேண்டும். 'எ லிட்டில் ஆசிட் இஸ் லெஃப்ட்' என்று எழுதுவீர்களா, 'லிட்டில் ஆசிட் இஸ் லெஃப்ட்' என்று எழுதுவீர்களா?

இரண்டுக்கும் வேறுபாடு 'எ' என்ற ஓர் எழுத்துதான். ஆனால் முதல் வாக்கியத்தைப் படிப்பவர், "கொஞ்சம் இருக்கிறது, தொடங்கலாம்" என்பார். இரண்டாவதைப் படிப்பவர், "ஏறக்குறைய தீர்ந்துவிட்டது, வேறு புட்டி வேண்டும்" என்பார். ஓர் எழுத்து விடுபட்டால் செய்தியே மாறிவிடுகிறது அல்லவா?

அமிலம், நீர், மணல் போன்றவற்றை நாம் அளக்கிறோம், எண்ணுவதில்லை. அவற்றுக்கு 'லிட்டில்', 'மச்' என்ற சொற்கள் பொருந்தும். விதைகள், சோதனைக் குழாய்கள் போன்றவற்றை எண்ணலாம். அவற்றுக்கு 'ஃப்யூ', 'மெனி' என்று எழுத வேண்டும். 'ஃப்யூ', 'எ ஃப்யூ' இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் மேலே கண்டது போன்றதே.

தவறு எங்கே பிறக்கிறது?

தமிழில் 'யார்' என்ற வினாச்சொல்லோடு ஒரு சிறு ஒட்டைச் சேர்த்தால் போதும். யாரோ, யாராவது, யாரும் என்று பொருள் மாறிக்கொண்டே போகும். 'யாரும் வரவில்லை' என்னும்போது மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'எனிபடி டிட் நாட் கம்' என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இது பிழை. மறுப்பு முன்னால் வந்தால்தான் 'எனிபடி' அதைத் தொடர்ந்து வரலாம். 'ஐ டிட் நாட் ஸீ எனிபடி' என்பது சரி. எழுவாயிலேயே மறுப்பு தேவையானால் 'நோபடி கேம்' என்று எழுத வேண்டும்.

இன்னொரு பிழையையும் பாருங்கள். 'எல்லாரும் வந்திருக்கிறார்கள்' என்று தமிழில் பன்மை வினை வருகிறது. அந்தப் பழக்கத்தால் 'எவ்ரிபடி ஹேவ் கம்' என்று எழுதத் தோன்றும். ஆனால் 'எவ்ரிபடி', 'ஈச்' ஆகியவற்றை ஆங்கிலம் ஒருமையாகவே கொள்கிறது. ஆகவே 'எவ்ரிபடி ஹேஸ் கம்' என்பதே சரி.

'ஆல்' என்று எழுதுமுன்

'ஆல் மெட்டல்ஸ் ஆர் நாட் மேக்னடிக்' என்று ஒரு மாணவர் எழுதுகிறார். எந்த உலோகத்தையும் காந்தம் இழுக்காது என்கிறாரா? எல்லா உலோகங்களையும் இழுப்பதில்லை, சிலவற்றை இழுக்கும் என்கிறாரா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவற்றைக் காந்தம் வலுவாக இழுக்கிறது. செம்பை அப்படி இழுப்பதில்லை. எனவே 'நாட் ஆல் மெட்டல்ஸ் ஆர் மேக்னடிக்' என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை.

'எல்லாம்' என்ற சொல்லை உடைக்க ஒரே ஒரு எடுத்துக்காட்டு போதும். 3, 5, 17, 257, 65537 என்ற எண்களைப் பாருங்கள். 2-ஐ முறையே 1, 2, 4, 8, 16 தடவை பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் இவை கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். இப்படி வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை நம்பினார். 1732-இல் ஆய்லர் அடுத்த எண்ணான 4294967297-ஐ எடுத்து, அது 641-ஆல் மீதியின்றி வகுபடுவதைக் காட்டினார். அத்துடன் 'ஆல்' வீழ்ந்தது. 'ஸம்' மட்டுமே மிஞ்சியது!

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. பத்து விதைகளை ஊன்றினீர்கள், மூன்று முளைத்தன. 'ஃப்யூ' என்று எழுதினால் ஏமாற்றம் தொனிக்கும். 'எ ஃப்யூ' என்றால் நம்பிக்கை தொனிக்கும். 'ஸம்' என்றால் எத்தனை என்பது தெரியாது. எதை எழுதுவீர்கள்?

எண் தெரிந்திருக்கும்போது எண்ணையே எழுதுங்கள்: 'த்ரீ அவுட் ஆஃப் டென்'. எண் தெரியாதபோதுதான் சின்னச் சொற்களின் துணை வேண்டும். அப்போது அவற்றையும் அமிலத்தை அளப்பது போலவே கவனமாக அளந்து போடுங்கள்.